பழைய செடான், முதல் எட்டு மாதம்

16 மார்ச் 2025, ஞாயிறு

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. 2010 மாடல் பெட்ரோல் செடான், டிஎன் 23, ஒரே ஓனர், 92,400 கிலோமீட்டர். காட்பாடி காந்தி நகரில் இருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் 1,45,000 ரூபாய்க்கு வாங்கினேன். குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவால் இப்போது பஸ் படி ஏற முடியவில்லை. மாதம் ஒரு முறை மூட்டு டாக்டரைப் பார்க்க வேலூர் வந்தாக வேண்டும். அதற்குத்தான் கார்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கியாச்சு. பெயர் மாற்ற அரசுக் கட்டணம் 300 ரூபாய். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 3,416, வரியோடு 4,031. பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த பிஎஸ் 3 வண்டி என்பதால் புகைச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்.

30 மார்ச், ஞாயிறு

இரண்டு வாரமாக ஒரு சந்தேகம். டிராஃபிக்கில் நின்றால் வெப்ப முள் பாதியைத் தாண்டி மெல்ல ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. இன்று காலை இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது டீ டிகாஷன் நிறம். வெள்ளைத் துணியை விட்டு எடுத்தால் செம்மண் குழைத்தது போல ஒட்டியது. மூடியின் ரப்பர் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

உடனே வாத்தியாருக்கு போன் செய்தேன். "தினமும் காலையில தண்ணி பார்த்து ஊத்துவேம்பா, ஒரு நாள் விட்டதில்ல" என்றார். போர் தண்ணீர்! எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரே வெள்ளை பூத்துவிடும். அதே தண்ணீர் பல வருஷமாக இன்ஜினுக்குள் கொதித்திருக்கிறது. கூலண்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையை ஏற்றும். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை, அக்கறையோடுதான் ஊற்றியிருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

5 ஏப்ரல், சனி

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் மெக்கானிக் பாய் ஷெட்டில் வண்டியை விட்டேன். ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். "பாதி குழாய் அடைச்சிக்கீது சார். இதோட மே மாசம் ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போயிடும்." ஹெட் என்பது இன்ஜினின் அலுமினிய மேல்பாகம், கேஸ்கெட் அதன் அடியில் கசியாமல் அடைக்கும் தகடு. ஹெட் அளவுக்கு மேல் சூடானால் வளைந்துவிடும். அப்புறம் கூலண்ட் எண்ணெயில் கலக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். பழைய கார்கள் பலதும் இந்த வழியில்தான் காயலான் கடைக்குப் போகின்றன.

இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு, தெர்மோஸ்டாட். அதைக் காணவே இல்லை! சூடு ஏறுகிறதே என்று யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் சூடு பிடிக்கவே நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்பதற்கும் பில் இல்லை. பெல்ட் அறுந்தால் இந்த இன்ஜினில் பிஸ்டன் வால்வை இடிக்கும். வாட்டர் பம்பும் அதே இடத்தில் இருப்பதால் ஒரே கூலியில் இரண்டையும் முடித்தோம். ரேடியேட்டர் 4,600, பெல்ட் செட்டும் பம்பும் 6,900, தெர்மோஸ்டாட்டும் ஹோஸ்களும் 1,700, கூலண்ட் 1,100, கூலி 3,500. ஆக 17,800. உள்ளே மூன்று முறை அலசிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

10 மே, சனி

கத்திரி வெயில். வேண்டுமென்றே ஏலகிரி போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏசியோடு ஏறியது, முள் பாதியில் நின்றது நின்றபடி. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இறங்கி வாணியம்பாடி வருவதற்குள் ஏசியில் அனல் காற்று. காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் ஓட்டை. காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும், அதனால் கூலி அதிகம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பச் சொன்ன கடையில் நான் செய்யவில்லை, நிரப்பின கேஸ் திரும்பவும் வெளியேதான் போகும். காயில் 5,400, கேஸ் 1,300, கூலி 2,500.

15 ஜூன், ஞாயிறு

டேங்க் முழுக்க நிரப்பி, ஓட்டி, திரும்ப முழுக்க நிரப்பிப் பார்த்தேன். 418 கிலோமீட்டருக்கு 31 லிட்டர். லிட்டருக்குப் பதின்மூன்றரை. பெட்ரோல் மட்டுமே கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய் ஆகிறது. பிளக், ஏர் ஃபில்டர் மாற்ற 1,400.

13 ஜூலை, ஞாயிறு

ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் லொடக் லொடக் என்றது. முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து ரப்பர் தொங்குகிறது. இரண்டு ஆர்ம், லிங்க் ராடு, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 6,900.

டயரில் பட்டன் நிறைய இருந்ததால் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். பாய்தான் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேய்த்துக் காட்டினார்: 3117. அதாவது 2017-ஆம் வருஷத்தின் 31-ஆவது வாரத்தில் செய்தது. விரலால் அழுத்தி விரித்தால் ரப்பரில் மயிரிழை போல வெடிப்புகள். இதே டயரில் அம்மாவை வைத்துக்கொண்டு பள்ளிகொண்டா ஹைவேயில் தொண்ணூறில் போயிருக்கிறேன். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அன்றே நான்கும் மாற்றினேன், 17,200. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து இந்த எண்ணைப் படியுங்கள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் வாடை. ரப்பர் ஹோஸ் இறுகி, கிளிப் பக்கத்தில் ஈரம் கசிந்திருந்தது. இப்போது பம்பில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வயசு வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் போட்டதில் 1,150.

நோட்டில் கூட்டினேன். ரிப்பேர், டயர் மட்டும் 53,650. வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதில் வீண் செலவு என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. இந்தப் பணம் கையில் இருந்ததால்தான் கார் ஓடுகிறது. மொத்த பட்ஜெட்டே 1,45,000 தான் என்றிருந்தால் 90,000-க்கு ஒரு வண்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

27 அக்டோபர், திங்கள்

நவம்பர் 11-ஆம் தேதியோடு ஆர்சிக்கு, அதாவது பதிவுச் சான்றிதழுக்கு, பதினைந்து வருஷம் முடிகிறது. காலாவதிக்கு அறுபது நாள் முன்பிலிருந்தே அதைப் புதுப்பிக்கப் படிவம் 25 போடலாம். கட்டணம் 5,000, தனியாகப் பசுமை வரி. தாமதித்தால் மாதம் 500 அபராதம். இன்று ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டினேன். லைட், பிரேக், ஹாரன், சேசிஸ் எண் பார்த்தார்கள், சரி என்றார்கள். இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம்.

மழையில் பின்கதவுக்குள் சலசலவென்று தண்ணீர் சத்தம். கதவின் அடி ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன், அரை டம்ளர் கொட்டியது. விட்டிருந்தால் அங்கேதான் துரு பிடிக்கும்.

16 நவம்பர், ஞாயிறு

அம்மாவோடு குடியாத்தத்திலிருந்து வரும் வழியில் காந்தி நகரில் காய்கறி வாங்க நிறுத்தினேன். வாத்தியார் பையோடு நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து கதவைத் தடவிப் பார்த்தார்.

"தினமும் தண்ணி ஊத்துறியாப்பா?"

பானெட்டைத் திறந்து கூலண்ட் டப்பாவைக் காட்டினேன். ஏப்ரலில் நிரப்பிய கூலண்ட், மேல் கோட்டிலேயே நிற்கிறது, கண்ணாடி போலப் பச்சை. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒரு சொட்டுகூட கொறையலையா?"

"இல்ல சார்."

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையிலிருந்த பையிலிருந்து இரண்டு முள்ளுக் கத்தரிக்காயை எடுத்து அம்மா மடியில் வைத்தார்.