ஷட்டர் டிவிக்கு இரண்டு வாய்
அப்பா 1986-ல் வாங்கிய 20 அங்குல கறுப்பு வெள்ளை டிவி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், வலது பக்கம் ஒரே ஒரு ஸ்பீக்கர். இதற்கு ஸ்டீரியோ, அதாவது இடம் வலம் எனப் பிரிந்து கேட்கும் ஒலி, வைக்கலாம் என்று போன மாதம் எனக்குத் தோன்றியது. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன்.

எடுத்தவுடன் பின்மூடியைக் கழற்றியதுதான் தப்பு. வால்யூம் கண்ட்ரோலிலிருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதாகத் திட்டம். நல்லவேளை, முதலில் சேஸிஸில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. ப்ளக்கைத் திருப்பிச் செருகினால் அணைந்துவிட்டது. மெயின் லைனிலிருந்து பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். 230 வோல்ட் லைனின் ஒரு கால் நேராகச் சேஸிஸில் நிற்கிறது. அதில் ஆடியோ ஒயரைக் கட்டியிருந்தால் ஸ்பீக்கரைத் தொடுகிறவன் கதி என்ன? பேசாமல் மூடியைத் திரும்பப் போட்டேன்.

யோசித்துப் பார்த்தால் உள்ளே போய் எடுக்கவும் ஒன்றுமில்லை. நம் ஊர் பழைய செட்டுகளுக்கு ஒலி வருவது படத்துக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, ஒற்றை அலையாக, இடம் வலம் பிரியாமல். ஜெர்மனியில் 1981-லேயே பக்கத்தில் இரண்டாவது ஒலி அலையை வைத்து ஸ்டீரியோ ஆக்கிவிட்டார்கள். அப்பா டிவிக்கு அந்தச் சங்கதியெல்லாம் தெரியாது.

ஆனால் டிடிஎச் பெட்டியின் பின்னால் இடம் வலம் ஒலிக்கென்று வெள்ளையும் சிவப்புமாக இரண்டு துளைகள் தனித்தனியாகத்தானே இருக்கின்றன? வழக்கம்போல் அவை மாடுலேட்டருக்குள் (பழைய டிவி வாங்கும் சேனல் அலையாக மாற்றும் பெட்டி) ஒன்றாகக் கலந்து, ரிப்பன் ஒயர் வழியாக டிவிக்குப் போகும். அதற்கு முன்பே ஆளுக்கொரு கிளை எடுத்து, பிஏஎம்8403 என்ற தீப்பெட்டி அளவு ஆம்ப்ளிஃபயர் போர்டில் கொடுத்தேன். மொபைல் சார்ஜரின் 5 வோல்ட் போதும், பக்கத்துக்கு 3 வாட் வரும். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போடக் கூடாது, போர்டு போய்விடும். (என்னிடம் இப்போது இருப்பது இரண்டாவது போர்டு.)

ஸ்பீக்கர்களைப் பெட்டியின் இரு பக்கமும் ஒட்டி வைத்தேன். செய்தி வாசிக்கிறவரின் இடது காது தோளை நோக்கி இழுத்துக்கொண்டு போனது! காந்தம் பிக்சர் டியூபின் கதிரை இழுக்கிறது. ஒன்றரை அடி நகர்த்தியதும் காது இடத்துக்கு வந்தது. கலர் டிவியாக இருந்திருந்தால் ஊதாத் திட்டு விழுந்து, டீகாஸ் செய்ய (ஏறிய காந்தத்தை நீக்க) அலைந்திருப்பேன். நகர்த்தியதில் இன்னொரு லாபம், இடம் வலம் இப்போதுதான் பிரிந்து கேட்கிறது. இரண்டடி அகலப் பெட்டியில் ஒட்டி வைத்து என்ன ஸ்டீரியோ?

டிவியின் சொந்த ஸ்பீக்கரை முழுக்க அணைத்துப் பார்த்தேன், குரல் படத்தை விட்டு விலகி நின்றது. அதனால் அதையும் மெல்லிசாக வைத்திருக்கிறேன். பேச்சு நடுவில், வயலின் இடப்பக்கம், தபலா வலப்பக்கம்.

அப்பா மட்டும் இன்னமும் டிவியின் குமிழைத்தான் திருகுகிறார். "சவுண்டு குறையவே மாட்டேங்குதுடா, ரிப்பேர்க்காரனைக் கூப்பிடு" என்கிறார்.