குதிகால் முள்

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் காட்டினார் டாக்டர். குதிகால் அடியில் குட்டியாக ஒரு எலும்பு முள்.

சட்டென்று ஞாபகம் வந்தது சாந்தியாகோ கிழவர்தான்.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவல், 1952. நடுக்கடலில் மார்லின் மீனோடு தனியாக மல்லுக்கட்டும்போது கிழவர் நினைத்துக்கொள்வது பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவை. அவருக்கும் இதே முள். சண்டைச் சேவலின் முள் நம் குதிகாலில் ஏறினால் வலிக்குமே, அப்படி இருக்குமோ என்று யோசிப்பார்.

கற்பனை இல்லை. 1949 சீசன் தொடக்கத்தில் அந்த வலியால் டிமாஜியோ ஆடவே இல்லை. ஜூனில் திரும்பி வந்து பாஸ்டனில் 3 ஆட்டத்தில் 4 ஹோம் ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). மனுஷன்!

டிமாஜியோவின் அப்பா மீனவராமே, டிமாஜியோவை மீன்பிடிக்கக் கூட்டிப்போகணும் என்று கிழவருக்கு ஒரு ஆசை. நம்மைப் போல ஏழையாக இருந்திருப்பார், புரிந்துகொள்வார் என்று.

அப்பா சான்பிரான்சிஸ்கோவில் மீனவர்தான். ஆனால் மகனுக்கு மீன் வாடையே ஆகாது. படகு வேலையிலிருந்து நழுவி ஓடியவர்.

நல்லவேளை, கிழவருக்கு யாரும் சொல்லவில்லை.

"மெத்துன்னு ஒரு செருப்பு வாங்கிக்கோங்க" என்றார் டாக்டர்.