ஐந்தாவது கட்டம்

"மத்த கட்டமெல்லாம் பளிச்சினு தெரியுதே தம்பி, இது மட்டும் எப்படி மங்கிப்போச்சு?"

டீச்சர் கேட்டது இவ்வளவுதான். "பழைய மை டீச்சர்" என்றேன். மையில் ஒரு குறையும் இல்லை. பிரதி எடுக்கும்முன் கணினியில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெளிற வைத்தது என் கை.

இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆள்பதிவேடு அது. இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஆள் திரட்டி வந்த கங்காணி என்று கட்டங்கள் ஓடும். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் கம்பெனிகளிடம் போனபோதும் இப்படிப்பட்ட பேரேடுகள் பல தோட்டங்களில் கரையானுக்கும் அடுப்புக்கும் போயின. ஒரு பக்கம் முழுசாகக் கிடைப்பதே பெரிய காரியம். அதில் கை வைத்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

காரணம் இருந்தது. தேடியது டீச்சரின் தாத்தா முத்துசாமியை, தகப்பன் பெரியண்ணன். ஒரே பக்கத்தில் அதே தகப்பன் பெயரோடு இரண்டு முத்துசாமிகள். கங்காணி ஒருவரே, தாலுகா பெரம்பலூர், ஊர் இருவருக்கும் புதூர். வயதில் இரண்டு வருட வித்தியாசம். அதை நம்ப முடியாது; அந்தக் காலத்தில் வயது என்பது ஆளைப் பார்த்து எழுதுபவர் போட்ட மதிப்பு. புதூரும் உதவாது. திருச்சி ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் ஒரு புதூர். போதாததற்கு, 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது தெரியாமல் இன்றைய திருச்சி மாவட்ட வரைபடத்தில் தேடி ஏமாந்து வருபவர்கள் அநேகம்.

இப்படி மாட்டிக்கொண்டால் வழக்கமாகச் செய்வது, பிள்ளைகளிடமிருந்து பின்னோக்கிப் போவது. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பிறந்த இடம் இருக்கும்; பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுத ஒரு கட்டம் இருக்கும். தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தின் நிழல் அந்தக் கட்டம். இந்திய வம்சாவளியினருக்காக வந்த 1949 சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பமென்றால் அந்த நகல் புதையல். ஆனால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம், 1946க்கு முன் இலங்கையில் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காக எழுதிய தாளில் வந்த தேதி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலக் குறிப்புகளில் ஒரே முத்துசாமியை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தேடும்போது மூன்றையும் தேட வேண்டும். தோட்டத்துக்கு வந்த ஆட்களின் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிய தகர டிக்கெட்டை வீட்டில் யாராவது வைத்திருந்தால் அதிர்ஷ்டம். தோட்டத்துக்கும் ஆளுக்கும் தனித்தனி இலக்கம் அதில் அடித்திருக்கும்.

இங்கே தகர டிக்கெட் இல்லை. இருந்தது, இலங்கைக்குப் போகும் ஆட்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த ஒரு சீட்டு. 1926. பாதை அதிலேயே விளங்கிவிட்டது: திருச்சியிலிருந்து ரயில், மண்டபத்தில் நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த நாட்கள், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். 1914க்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் பாதை. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடந்தவர்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை.

அந்தச் சீட்டில் கூட்டெழுத்து ஆங்கிலத்தில் சாதி எழுதியிருந்தது. பதிவேட்டின் இரண்டு முத்துசாமிகளில் ஒருவருக்குத்தான் அது பொருந்தியது. எங்கள் முடிவுக்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தச் சொல்தான். டீச்சருக்குக் கொடுத்த அறிக்கையில் நான் எழுதியதோ "தகப்பன் பெயரும் ஊரும் ஒப்பிட்டு" என்று. அது இரண்டு பேருக்குமே பொருந்தும். நாளைக்கு வேறொருவர் சரிபார்த்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொட்டதாகத்தான் நினைப்பார். நினைக்கட்டும் என்று விடவும் முடியவில்லை.

ஏன் மறைத்தேன்? இந்த அறிக்கைகள் கைமாறும். கலியாணப் பேச்சில் ஒரு தரகர் கையில் இப்படியொரு தாளைக் கண்டிருக்கிறேன். கொழும்பில் மூன்று தலைமுறையாக யாரும் வெளியே சொல்லாத ஒன்றை என் கையால் அச்சடித்துக் கொடுப்பதா? அப்போது அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நேரம் சரியென்றே படுகிறது. மீதி நேரம் வேறு மாதிரி: எழுதியவன் அந்த மனுசனை ஒரு சொல்லில் அடக்கினான், நான் அதை அழித்து, அவருடைய பேத்திக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன். வெள்ளைக்காரத் துரையின் கணக்குப்பிள்ளை செய்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

அதைவிட, டீச்சர் 30 வருடத்துக்கு மேல் இங்கிலிஷ் படிப்பித்தவர். மண்டபம் சீட்டை அவர்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொண்டுவந்தார், லெமினேட் செய்து. கூட்டெழுத்து வாசிக்கத் தெரியாதவர் இல்லை. அப்படியானால் அந்தக் கேள்வி மையைப் பற்றியதா, என்னைப் பற்றியதா? நான் பதில் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி தம்பி" என்றார். பிரதியை மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அவருடைய தம்பி மகன் கனடாவில் கேட்கிறானாம், அந்தப் பக்கத்தின் போட்டோவை அனுப்ப முடியுமா என்று. கணினியில் இரண்டு போட்டோக்கள் இருக்கின்றன. இன்னும் எதையும் அனுப்பவில்லை.