டாக்கர் வந்தும் டிப்ளாய்மென்ட் ஏன் எளிதாகவில்லை

நிரல் எழுதுபவர்கள் நாலு பேர் கூடினால், எழுதிய நிரலைச் சர்வரில் ஏற்றி ஓட்டும் டிப்ளாய்மென்ட் பற்றிய விவாதம் வந்துவிடும். "ஒரே பைனரி, சர்வருக்கு காப்பி பண்ணு, சிஸ்டம்டியில் ஓட்டு, வேலை முடிந்தது" என்பார் ஒருவர். "டாக்கர் இல்லாமலா?" என்பார் இன்னொருவர். அடுத்தவர் குபர்னெட்டிஸ் படம் வரைய ஆரம்பித்திருப்பார். (பைனரி என்பது கம்பைல் செய்து கிடைக்கும், நேராக இயக்கக்கூடிய ஃபைல். சிஸ்டம்டி லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கண்காணிப்பது. டாக்கர், நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் இமேஜ் என்ற ஒரே பொட்டலமாக்கி, கண்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் கருவி. குபர்னெட்டிஸ் பல சர்வர்களில் கண்டெய்னர்களை நிர்வகிப்பது.) எல்லோர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தனித்தனி வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பேசுகிறார்கள். புதிய இயந்திரத்தில் ஒரு நிரலை ஓடவைப்பது ஒரு வேலை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பை, பயன்படுத்துபவருக்குத் தெரியாமல் புதியதாக மாற்றுவது வேறொரு வேலை. கருவிகளில் பெரும்பாலானவை முதல் வேலையைத்தான் எளிதாக்குகின்றன. ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பதோ இரண்டாவது.

முதல் வேலையில் ஆளைக் குழப்பும் ஒரு பிழையைப் பாருங்கள். உபுண்டு லினக்ஸில் கம்பைல் செய்த பைனரியை, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் உள்ள கண்டெய்னருக்குள் போட்டு இயக்கினால் "நாட் ஃபவுண்ட்" என்று வரும். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. அப்படியானால் எதைக் காணவில்லை? டைனமிக் லிங்க் செய்த (அதாவது நூலகங்களை ஓடும்போது வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்) ஒவ்வொரு பைனரியின் உள்ளேயும் தன்னை நினைவகத்தில் ஏற்றவேண்டிய லோடரின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். உபுண்டுவில் அது ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்தின் லோடர். ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற வேறொரு சி நூலகத்தின் லோடர். அதன் பெயரும் வேறு, இடமும் வேறு. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தேடிக் கிடைக்காமல் போனது அந்த லோடரைத்தான். நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு அது தெரியாததால் உங்கள் பைனரியின் பெயரைப் போட்டு "இல்லை" என்கிறது. "ஃபைல்" என்ற கட்டளையை அந்தப் பைனரி மேல் ஓட்டினால் "இன்டர்ப்ரெட்டர்" என்ற சொல்லை அடுத்து அந்தப் பாதை தெரியும். விண்டோஸ் எடிட்டரில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கும் இதே கதிதான். முதல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்ட கேரேஜ் ரிட்டர்ன் என்ற, கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சேர்ந்து இன்டர்ப்ரெட்டரின் பெயராகிவிடும்.

ஜிலிப்சி இருந்தால் மட்டும் போதாது, பதிப்பும் பொருந்தவேண்டும். உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35. புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால் "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்று நின்றுவிடும். வணக்கம் சொல்லும் ஐந்து வரி சி நிரலுக்கும் இது நடக்கும். மெயின் ஃபங்ஷனை அழைத்துத் தொடங்கிவைக்கும் உள் ஃபங்ஷனுக்கே 2.34-இல் புதிய பதிப்புக் குறி வந்துவிட்டது. அது இல்லாமல் எந்த நிரலும் தொடங்காது. எதிர்த்திசையில் தொல்லை இல்லை, பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆகவே நீங்கள் ஆதரிக்கவேண்டிய லினக்ஸ்களிலேயே மிகப் பழையதில் வைத்துத்தான் கட்டவேண்டும். பைத்தானின் மெனிலினக்ஸ் 2014 வகை வீல்கள் (முன்பே கம்பைல் செய்து வைத்த பேக்கேஜ்கள்) சென்டோஸ் 7 லினக்ஸின் ஜிலிப்சி 2.17-ஐ அடிமட்டமாக எடுத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான்.

இமேஜ் சிறியதாக இருக்கிறது என்பதற்காகப் பைத்தான் நிரலை ஆல்பைனில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மஸ்லுக்கென்று தனி வீல் வெளியிடாத பேக்கேஜ் ஒன்று இருந்தாலும், பேக்கேஜ்களை நிறுவும் பிப் அதை மூலத்திலிருந்து கம்பைல் செய்யப் பார்க்கும். அதற்கு ஜிசிசி கம்பைலர் வேண்டும், ஹெடர் ஃபைல்கள் வேண்டும், பில்ட் நேரம் நீளும். மிச்சப்படுத்திய மெகாபைட்டுகள் வேறு வழியில் திரும்பி வந்துவிடும். போதாக்குறைக்கு, த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) ஒன்றுக்கு மஸ்ல் இயல்பாகத் தரும் ஸ்டாக் நினைவகம் 128 கிலோபைட்தான்; ஜிலிப்சியில் வழக்கமாக 8 மெகாபைட். ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து ஆழமாக ரிகர்ஷன் போகும் நிரல், டெபியனில் ஒழுங்காக ஓடிவிட்டு ஆல்பைனில் செக்மென்டேஷன் ஃபால்ட் தருவது இதனால்தான். டெபியன் லினக்ஸின் சுருக்கப் பதிப்பான ஸ்லிம் இமேஜை எடுத்துக்கொண்டால் இந்த வம்பெல்லாம் இல்லை.

கோ மொழிக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று தோன்றும். சி கோடை இணைக்கும் சிகோ வசதியை அணைத்துவிட்டுக் கட்டினால் எந்த நூலகத்தையும் சாராத ஒரே பைனரி கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் அதை ஒன்றுமே இல்லாத ஸ்க்ராட்ச் இமேஜில் வைத்துப் பாருங்கள். முதல் எச்டிடிபிஎஸ் அழைப்பிலேயே "அறியாத அமைப்பு கையொப்பமிட்ட சான்றிதழ்" என்று பிழை வரும். நம்பகமான சான்றிதழ்களின் பட்டியல் இயங்குதளத்தின் ஃபைலாகத்தான் இருந்தது, பைனரிக்குள் இல்லை. "ஏசியா/கொல்கத்தா" நேர மண்டலத்தைக் கேட்டாலும் பிழைதான். அந்தத் தரவும் வெளியே இருந்தது. கோ 1.15 முதல் நேர மண்டலத் தரவை பைனரிக்குள்ளேயே வைத்துக் கட்ட முடியும். சான்றிதழ் பட்டியலை பில்ட் கட்டத்திலிருந்து காப்பி பண்ணிக்கொள்ளலாம்.

இந்தப் பிழைகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: நிரல் இயந்திரத்திடம் எதிர்பார்க்கும் ஏதோ ஒன்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைக்கக் கட்டாயப்படுத்தியதுதான் டாக்கர் செய்த பெரிய உபகாரம். ஃபைல்கள், நூலகங்கள், சான்றிதழ்கள் எல்லாம் இமேஜுக்குள் வந்துவிட்டன. கெர்னல் வரவில்லை, சிபியு வரவில்லை. ஆப்பிள் எம்1 மடிக்கணினியில் கட்டிய இமேஜை இன்டெல் சர்வரில் ஏற்றினால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" வருவது அதனால்தான். பில்ட் செய்யும்போதே பிளாட்ஃபார்மைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

நிரல் நிற்கும் விதமும் டாக்கர் கவனித்துக்கொள்ளும் விஷயமல்ல. கண்டெய்னரைத் தொடங்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில், ஷெல்லின் இடத்தில் நிரலையே அமர்த்தும் "எக்ஸெக்" விடுபட்டால், ஷெல்தான் பிராசஸ் எண் 1 ஆக உட்கார்ந்திருக்கும். "டாக்கர் ஸ்டாப்" கட்டளை அனுப்பும் சிக்டெர்ம் (ஒழுங்காக முடித்துக்கொள் என்ற சமிக்ஞை) அதோடு நின்றுவிடும், உங்கள் நிரலுக்குப் போய்ச் சேராது. 10 விநாடி காத்திருந்து, உடனே கொல்லும் சிக்கில் சமிக்ஞையை டாக்கர் அனுப்பும். பாதியில் இருந்த கோரிக்கைகள் அத்தனையும் அறுபடும். எக்ஸிட் கோட் (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) 137 என்று லாகில் பார்த்தவுடன் "மெமரி போதவில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். மெமரி தீர்ந்தாலும் 137தான், சிக்கில் எங்கிருந்து வந்தாலும் 137தான். டிப்ளாய் செய்த நேரத்தில் மட்டும் அது வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

சிஸ்டம்டியில் ஓட்டுபவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. நிரல் விழுந்தால் மீண்டும் தொடங்கு என்று மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இயல்பான அமைப்பில் மறுதொடக்கத்துக்கு முன் காத்திருப்பது 100 மில்லிவிநாடி. 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கிவிட்டால் அதற்குமேல் முயலாது. சர்வர் ரீபூட் ஆகும்போது டேட்டாபேஸ் எழுந்திருக்க 20 விநாடி ஆகிறது என்றால், உங்கள் நிரல் முதல் சில விநாடிகளிலேயே ஐந்து தடவையும் விழுந்து, அப்படியே கிடக்கும். காத்திருக்கும் நேரத்தை 5 விநாடியாக வையுங்கள். இது ஒரே ஒரு வரி.

ஒரு சர்வர், இரண்டு சர்வர் வைத்திருக்கும் சிறிய குழுவுக்கு குபர்னெட்டிஸ் தேவையில்லை என்பதே என் நிலை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி அடைவு, "கரன்ட்" என்று ஒரு சிம்லிங்க் (வேறோர் அடைவைச் சுட்டும் இணைப்பு), அதைக் காட்டும் ஒரு சிஸ்டம்டி யூனிட் (அமைப்பு ஃபைல்), இவை போதும். ஆனால் சிம்லிங்கை மாற்றும் விதம் முக்கியம். "எல்என்" கட்டளையைக் கட்டாயப்படுத்தும் விருப்பத்தோடு ஓட்டினால், சில லினக்ஸ்களில் அது பழைய இணைப்பை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போடும். நடுவில் ஒரு நொடிப்பொழுது "கரன்ட்" என்ற ஒன்றே இருக்காது. புதிய இணைப்பை வேறு பெயரில் உருவாக்கி, "எம்வி -T" கட்டளையால் பழையதன் மேல் பெயர் மாற்றுங்கள். கெர்னல் அதை ஒரே அடியாகச் செய்யும். பிஎச்பி என்றால் இன்னொரு படி இருக்கிறது: என்ஜின்எக்ஸ் வெப் சர்வரிலிருந்து சிம்லிங்க் பாதையை அனுப்பாமல், அது சுட்டும் நிஜப் பாதையை அனுப்புங்கள். இல்லையென்றால், கம்பைல் செய்த பிஎச்பி கோடை நினைவில் வைத்திருக்கும் ஓபிகேஷ் பழைய கோடையே காட்டிக்கொண்டிருக்கும்.

கோடை இப்படி மாற்றிவிடலாம். தரவை அப்படி மாற்ற முடியாது. எந்தக் கருவி வைத்திருந்தாலும் டிப்ளாய் நடக்கும் சில நிமிடங்களுக்குப் பழைய கோடும் புதிய கோடும் ஒரே டேட்டாபேஸைத் தொடுகின்றன. டேபிளில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றவேண்டும் என்று வையுங்கள். ஒரே மைக்ரேஷனில் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்டில்) மாற்றினால், அந்தக் கணமே பழைய கோட் உடையும். சரியான வழி நீளமானது. புதிய ஃபீல்டைக் காலியாகச் சேர்த்து, இரண்டிலும் எழுதும் கோடை வெளியிடவேண்டும். பிறகு பழைய வரிசைகளைச் சில ஆயிரம் சில ஆயிரமாகப் புதிய ஃபீல்டுக்கு நகலெடுக்கவேண்டும். அடுத்த வெளியீட்டில் புதியதிலிருந்து படிக்கலாம், அதற்கடுத்ததில் பழையதில் எழுதுவதை நிறுத்தலாம், கடைசியில் பழையதை நீக்கலாம். இதில் பலர் வழுக்குவது நகலெடுக்கும் கட்டத்தில். இரண்டிலும் எழுதும் கோட் எல்லா சர்வரிலும் வந்து சேரும் முன்பே நகலெடுக்க ஆரம்பித்தால், மிச்சமிருக்கும் பழைய சர்வர் பழைய ஃபீல்டில் மட்டும் எழுதியவை புதியதில் விடுபட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. வாரங்கள் கழித்து யாரோ ஒரு வாடிக்கையாளரின் முகவரி பழையதாக இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஃபீல்டு சேர்ப்பது மில்லிவிநாடி வேலைதான். 11-ஆம் பதிப்பு முதல், நிலையான டீஃபால்ட் மதிப்போடு சேர்த்தாலும் டேபிளை முழுதாகத் திரும்ப எழுதுவதில்லை. ஆனாலும் சைட் நின்றுபோகும். அந்தக் கட்டளைக்கு டேபிளின் முழுப் பூட்டு வேண்டும். ஏற்கெனவே பத்து நிமிட ரிப்போர்ட் குவெரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை கட்டளை காத்திருக்கும். அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட் குவெரிகளும் வரிசையில் நிற்கும், கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸுக்குத் தயாராக வைத்த இணைப்புகளின் தொகுப்பு) நிரம்பிவிடும். மைக்ரேஷனின் முதல் வரியிலேயே பூட்டுக்குக் காத்திருக்கும் உச்ச நேரத்தை 2 விநாடியாக வைத்து, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி முயலும்படி எழுதுங்கள். தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் போடுவதென்றால், டேபிளில் எழுதுவதைத் தடுக்காத "கன்கரன்ட்லி" என்ற சொல்லைச் சேர்த்துப் போடுங்கள். அதை ட்ரான்சாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது. பாதியில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று மிச்சமிருக்கும், அதைக் கையால் நீக்கவேண்டும்.

இரண்டு பதிப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் நிறுவனத்தில் நடந்ததே போதும். பங்கு ஆர்டர்களை அனுப்பும் எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புதிய கோட் போயிருந்தது. எட்டாவதில் வருடக்கணக்காகப் பயன்படுத்தாத "பவர் பெக்" என்ற பழைய கோட் அப்படியே இருந்தது. அதை இயக்கிய அதே ஃப்ளாகை (ஒரு வசதியை ஆன் செய்யும் குறியை)ப் புதிய வசதிக்கு மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் கட்டுப்பாடின்றி ஆர்டர் அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நடுவில் அவர்கள் எடுத்த நடவடிக்கை நிலைமையை மோசமாக்கியது: சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். ஃப்ளாக் அப்படியே இருந்ததால் அந்த ஏழிலும் பழைய கோட் விழித்துக்கொண்டது.

கண்டெய்னரில் ஓடினாலும் வெறும் பைனரியாக ஓடினாலும் இது நடந்திருக்கும். இதைத் தடுக்கச் செலவும் அதிகமில்லை. பில்ட் செய்யும்போதே, கோடின் பதிப்பைக் குறிக்கும் கமிட் எண்ணை நிரலுக்குள் பதித்து, கேட்டால் சொல்லும் ஒரு முகவரியை வையுங்கள். டிப்ளாய் ஸ்கிரிப்ட் கடைசியில், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர் வழியாகப் போகாமல், ஒவ்வொரு சர்வரையும் நேரடியாக அதன் ஐபி முகவரியில் கேட்கவேண்டும். ஒன்று மாறுபட்டாலும் டிப்ளாய் தோல்வி என்று நிற்கவேண்டும். சர்வர் பட்டியலை ஸ்கிரிப்ட்டுக்குள் கையால் எழுதாமல், லோட் பேலன்சரிடமிருந்தே எடுங்கள். விடுபடும் சர்வர் பெரும்பாலும் பட்டியலிலேயே இல்லாத சர்வராகத்தான் இருக்கும். பழைய ஃப்ளாகுகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். புதிய பெயர் வையுங்கள், பழைய கோடை அடுத்த வெளியீட்டிலேயே அழித்துவிடுங்கள்.