என் பெயர் மின்சு

கொரியாவில் வேலை செய்தவர்களுக்குக் 'குரே' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. சரி, அப்படியா, போகட்டும் விடு, எல்லாவற்றுக்கும் அதுதான். குரலை வைத்துத்தான் எதுவென்று பிடிக்க வேண்டும். ஹராபொஜி, அதாவது தாத்தா, என்று நாங்கள் கூப்பிட்ட முதியவர் என்னிடம் அதைச் சொன்னபோது குரலில் ஒன்றுமே இருக்கவில்லை.

2015, சுசொக் என்ற அறுவடைத் திருநாள் விடுமுறைக்கு முந்தின கிழமை. சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "மின்சு என்று உங்களுக்கு யார் பெயர் வைத்தது?" என்று கேட்டார். "நானேதான் வைத்துக்கொண்டேன் ஹராபொஜி, எனக்குப் பிடிக்கும்" என்றேன். அவருடைய மகன், எங்கள் சாஜாங், அதாவது முதலாளி, தண்ணீர் மெஷினடியில் நின்று கோப்பிப் பக்கெட்டையே கரண்டியாக வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கை ஒரு கணம் நின்றது. அல்லது நின்றதாக நான் பிறகு சேர்த்துக்கொண்டேனோ தெரியவில்லை.

"குரே" என்றார் ஹராபொஜி. எழுந்து போய்விட்டார்.

நான் சொன்னது பொய். என் பெயர் சிவகுமார். முதல் நாள் பன்ஜாங், அதாவது மேற்பார்வையாளர், அதை உரக்க வாசித்ததும் லைன் முழுக்கச் சிரித்தது. 'சிவ' என்பது அங்கே வாயில் எடுக்கக்கூடாத ஒரு தூஷண வார்த்தைக்குப் பக்கத்து வீடு. சாஜாங் வந்து, "இனி மின்சு" என்றார். சின்னப் பெயர், பிரெஸ் மெஷின் சத்தத்திலும் காதில் விழும். கெட்ட எண்ணத்தில் வைத்தார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஆனால் ஹராபொஜி ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பிரச்சினை.

அவர் 1931இல் பிறந்தவர், ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கொண்டெய்னர் அறைக்கு வந்து நேபாளி, வியட்நாம், கம்போடியப் பையன்களோடு என்னையும் உட்காரவைத்துக் கொரிய மொழி சொல்லித்தருவார். காசு வாங்க மாட்டார். கம்பனியில் எல்லோரும் எங்களை 'நீ' என்று கூப்பிட, அவர் மட்டும் 'நீங்கள்' என்பார். இலக்கணத்தை விடக் கதைதான் அதிகம் கதைப்பார்.

அப்படி ஒரு நாள் சொன்ன கதை இது. 1940 பெப்ரவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஆறு மாதத் தவணை கொடுத்து, அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பான்காரர்கள் ஜப்பானியப் பாணியில் குடும்பப் பெயரைப் பதியச் சொன்னார்கள். ஏறக்குறைய 80 சதவீதக் குடும்பங்கள் பதிந்தன. சட்டப்படி அது விருப்பம். பதியாத வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார்கள் என்பது வேறு கதை. இவருடைய அப்பாவும் போய் வரிசையில் நின்று பதிந்துவிட்டு வந்தார். இவருக்கு 9 வயது. வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சம் அட்டைகள் கொடுத்திருந்தார்கள். கொரிய மொழியில் வாய் திறந்து பிடிபட்டால் ஒரு அட்டையை இழக்க வேண்டும். 1945இல் விடுதலை வந்தபோது 14 வயதுப் பையனுக்குச் சொந்த எழுத்து தெரியாது. அப்போது அந்த நாட்டில் 100 பேரில் 78 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதலில் தான் படித்து, பிறகு இரவில் விளக்கு வைத்து ஊராருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கொரிய யுத்தம் முடிந்து வந்தும் அதே வேலை. தம்பியை யுனிவர்சிட்டிக்கு அனுப்ப வீட்டில் இருந்த ஒரே மாட்டை விற்றிருக்கிறார். அந்தத் தலைமுறை பல்கலைக்கழகத்தைத் தந்தக் கோபுரம் என்று சொல்லாமல் மாட்டெலும்புக் கோபுரம் என்றுதான் கேலி பண்ணுமாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், பெயரை நானே மாற்றிக்கொண்டேன் என்று சொன்னேன்.

சரி, வேறு என்ன சொல்லியிருக்கலாம்? என் மூன்று வருட ஒப்பந்தம் 2016 மார்ச்சில் முடிகிறது. மேலும் ஒரு வருடம் பத்து மாதம் நிற்க சாஜாங்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் தங்கச்சியின் கலியாணக் கடன். நான்கு அடி தள்ளி நிற்கிற முதலாளியைக் காட்டி, உங்கள் மகன்தான் என் பெயரை எடுத்தார் என்று சொல்லவா? கேட்க வேண்டியது மகனை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போடுகிற மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னிடம் கேட்டதில் என்ன நியாயம்? பல இரவுகள் அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம், மகனுக்குக் கேட்கட்டும் என்றேதான் அங்கே வைத்துக் கேட்டாரோ என்றும் தோன்றும். அப்படியென்றால் நான் கெடுத்துவிட்டேன்.

சுசொக் முடிந்து வந்த ஞாயிறு எல்லோருக்கும் புதுக் கொப்பி கொண்டுவந்தார். அட்டையில் ஒவ்வொருவர் பெயரையும் மையால் ஹங்குலில், அதாவது கொரிய எழுத்தில், எழுதியிருந்தார். நேபாளப் பையனுக்கு அவனுடைய நீட்டுப் பெயர், ஒரு எழுத்துக் குறையாமல். லைனில் அவனை 'சொல்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். என் கொப்பியில் மின்சு என்று இருந்தது.

என் சொல்லை மதித்து எழுதினாரா, எனக்கு உறைக்கட்டும் என்று எழுதினாரா? இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொன்னேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், சாஜாங்கும் அங்கே இல்லை. ஒப்பந்தத்தைக் காரணம் காட்டுகிற நான் இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

2016 ஜனவரியில் இறந்துபோனார். 86 வயது என்றார்கள். அங்கே அப்போதைய கணக்கில் பிறந்த உடனேயே ஒரு வயது, புதுவருடத்துக்கு இன்னொன்று. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மரணச் சடங்கு மண்டபம். வாசல் மேசையில் வெள்ளைக் கடித உறைகளும் பேனையும் இருந்தன. காசை உள்ளே வைத்து, பின்பக்கம் இடது கரையில் மேலிருந்து கீழாகப் பெயர் எழுத வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வீட்டுக்காரர் பதிந்து வைப்பார்கள்.

எனக்கு முன்னால் நின்ற நேபாளப் பையன் தன் பெயரை எழுத நேரமெடுத்தான், இடம் போதவில்லை. என் முறை வந்தது. சிவகுமார் என்று ஹங்குலில் எழுத எனக்கு நன்றாகத் தெரியும், அவர் சொல்லித்தந்த எழுத்து. சாஜாங் கறுப்பு உடுப்பில், கையில் சணல் பட்டியோடு உள்ளே நின்றார். அந்தப் பெயரை எழுதினால் யார் காசு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மின்சு என்று எழுதிப் பெட்டிக்குள் போட்டேன். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், படத்துக்கு முன்னால் இரண்டு தரம் விழுந்து கும்பிட்டேன்.