பட்டையின் இரு கரைகள்

மட்டக்களப்பில் பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், இரண்டு மாதம் உழைத்த ஒரு கணக்கை ஒரே மாலையில் கைவிட்டேன். ஒரு மாணவியின் கேள்வியே அதற்குக் காரணம்.

வெப்பச் சமநிலையிலுள்ள குவாண்டம் புலத்தை இரு வேறு கணங்களில் அளந்தால், அந்த அளவீடுகள் எவ்வளவு பிணைந்திருக்கும் என்பதை இணைபுச் சார்பு சொல்லும். நேரத்தைச் சிக்கலெண்ணாக விரிக்கும்போது, அது சிக்கலெண் தளத்தின் ஒரு பட்டைக்குள் எங்கும் முறியாமலும் வெடிக்காமலும் ஒழுகும் பகுமுறைச் சார்பாக இருந்தாக வேண்டும். ஒரு கரையில் உள்ள பெறுமானம், இரு அளவீடுகளையும் பெருக்கும் வரிசை மாறி, மறுகரையில் திரும்பி வரும். பௌதிகவியலாளர்களான 1957இல் கூபோவும் 1959இல் மார்ட்டினும் ஷ்விங்கரும் கண்ட நிபந்தனை இது. சூடு ஏறினால் பட்டை ஒடுங்கும். 300 கெல்வினில் அகலம் சுமார் 25 ஃபெம்டோசெக்கன் மட்டுமே. கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டைதான் நினைவுக்கு வரும்.

கற்பனை நேரத்தில், அதாவது சிக்கலெண் நேரத்தின் கற்பனைத் திசையில், கணித்த புள்ளிகளிலிருந்து மெய்நேரத்துக்கு மீண்டு வருவதே என் வேலை. அந்தப் பயணத்தில் சிறு பிழைகூடப் பூதாகரமாகும். அது தெரிந்திருந்தும், பட்டையின் நடுக்கோட்டில் கிடைத்த புள்ளிகளுக்கு, பகுதியில் (பின்னக் கோட்டுக்குக் கீழே) அதிபரவளைவுக் கோசைன் கொண்ட ஒரு பின்னத்தைப் பொருத்தினேன். வளைகோடு புள்ளிகள்மீது அச்சொட்டாகப் படிந்தது. மனம் நிறைந்திருந்தது.

மாணவி வரைபைப் பார்த்துவிட்டு, "சேர், பகுதி எங்கே பூச்சியமாகிறது?" என்று கேட்டாள்.

இரண்டு வரிக் கணக்குத்தான். பட்டையின் அகலத்தை 1 என்று கொண்டால், நடுக்கோட்டிலிருந்து கரை 0.5 தூரத்தில் இருக்கிறது. வளைகோடு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்று சொல்லும் என் தேய்வு எண் 3.6, அதனால் பகுதி 0.44 தூரத்திலேயே பூச்சியமானது. கரைக்கு உள்ளே ஒரு முனைவு, சார்பு முடிவிலியாக வெடிக்கும் புள்ளி! தேய்வு எண் பை என்ற 3.14ஐத் தாண்டவே கூடாது. (எளிய அடுக்குத் தேய்வை எடுத்திருந்தால் இன்னும் மோசம், அதன் கூர்முனை நடுக்கோட்டிலேயே கிடக்கும்.) அப்படியொரு சார்பு எந்த வெப்பச் சமநிலைக்கும் உரியதாக இருக்க முடியாது. புள்ளிகளோடு ஒத்துப்போவதை மட்டும் பார்த்த நான், சார்பு வாழும் இடத்தைப் பார்க்கவில்லை.

2016இல் மல்டசேனா, ஷெங்கர், ஸ்டான்ஃபோர்டு ஆகியோர் குவாண்டம் குழப்பம் (சிறு மாற்றம் பெருகிப் பரவுவது) வளரும் வேகத்துக்கு வெப்பநிலை விதிக்கும் உச்சவரம்பை வெளியிட்டபோதும், அவர்களின் வாதத்தில் இதுபோன்றதொரு பட்டை நின்றது. அதை வாசித்தபோது அந்த மாணவியின் கேள்விதான் காதில் ஒலித்தது.

அன்றிரவு தேய்வு எண்ணை 3.14க்குள் பூட்டி மீண்டும் பொருத்தினேன். வளைகோடு சில புள்ளிகளை விட்டு விலகியே சென்றது. மறுநாள் அந்த வரைபையே அவளிடம் கொடுத்தேன்.