ஈத்தர் போன மீட்டர்: எம்ஜிபி டெம்பரேச்சர் முள்ளை மறுபடி நகர வைப்பது

எம்ஜிஏ, மிட்ஜெட், எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களின் டேஷ்போர்டில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் இரட்டை மீட்டர் ஒன்று இருக்கும். ஒரே வட்டத்தில் ஒரு பாதி ஆயில் பிரஷர், மறு பாதி தண்ணீரின் சூடு. இந்தச் சூடு காட்டும் பாதிக்கு மின்சாரமே கிடையாது. மீட்டரின் முதுகிலிருந்து எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வரை போவது வயர் அல்ல, சுருள்கம்பி உறை போட்ட மெல்லிய செம்புக்குழாய். வயர் என்று நினைத்து அதை வெட்டிவிட்டால் மீட்டர் அந்த நொடியே செத்துவிடும்.

குழாயின் எஞ்சின் பக்க முனையில் ஒரு குமிழ் இருக்கிறது, அதற்குள் ஈத்தர் என்ற, எளிதில் ஆவியாகிற திரவம். மீட்டர் பக்கம் பூர்டான் குழாய், அதாவது வளைத்த தட்டைக் குழாய். ஈத்தர் சூடேறினால் ஆவியின் அழுத்தம் கூடும், வளைந்த குழாய் கொஞ்சம் நிமிரும், முள் நகரும். குழாயில் எங்கே விரிசல் விட்டாலும் ஈத்தர் போய்விடும். எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் முள் அடியிலேயே கிடக்கும். ரேடியேட்டர் கொதிப்பதை போனட்டிலிருந்து வரும் ஆவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரும்பாலும் குழாய் உடைவது குமிழைக் கழற்றும்போதுதான். ஹெட்டில் இருக்கும் நட்டைத் திருப்பும்போது, துருவும் சுண்ணாம்பும் பிடித்த குமிழும் கூடவே சுற்றும். குழாய் முறுக்கிக்கொண்டு நட்டின் வாயிலேயே அறுந்துவிடும். ரேடியேட்டர் தண்ணீரை ஹெட் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு நட்டைக் கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து, குழாய் கூடச் சுற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டே கழற்றுங்கள்.

உடைந்த மீட்டரைத் தூக்கிப்போடத் தேவையில்லை. இன்னொரு மீட்டரின் குமிழையும் குழாயையும் வெட்டி இதில் ஒட்டிவிடலாம். பூர்டான் குழாயும் பற்சக்கரமும் அநேகமாக நன்றாகவே இருக்கும். அதைச் சோதிக்க அழுத்தம் காட்டும் சைக்கிள் பம்பு போதும். மீட்டரில் மிஞ்சியிருக்கும் குழாய் முனையைத் தடித்த ரப்பர் குழாய்க்குள் செருகி, நூலால் இறுக்கிக் கட்டி, மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். ஈத்தரின் அழுத்தம், வெளிக்காற்றுக்கு மேலே கணக்கிட்டால், 40 டிகிரி செல்சியஸில் சுமார் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), 60-இல் 19, 80-இல் 43, 100-இல் 79. பம்பில் 43 காட்டும்போது முள் 80 டிகிரிக்குப் பக்கத்தில் நின்று, அழுத்தத்தை விட்டதும் திரும்பினால் மீட்டர் பிழைத்தது. அழுத்தம் நிற்காமல் இறங்கினால், முதலில் ரப்பர் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அங்கே கசியவில்லை என்றால் பூர்டான் குழாயிலேயே ஓட்டை. அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.

அடுத்து, ஈத்தர் தானம் செய்ய ஒரு மலிவான புது மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டர் வேண்டும். ஆறடிக் குழாயோடு வருவது போதும். வாங்கும்போது அதன் முகப்பைப் பாருங்கள். குளிர்ந்த பக்கத்துக் கோடுகள் நெருங்கியும் சூடான பக்கத்துக் கோடுகள் விலகியும் இருந்தால் அது ஆவியில் ஓடுகிற மீட்டர். மேலே சொன்ன எண்களிலேயே காரணம் இருக்கிறது: 60-இலிருந்து 80-க்கு 24 பிஎஸ்ஐ ஏறுகிறது, 80-இலிருந்து 100-க்கு 36. கோடுகள் சம இடைவெளியில் இருந்தால் உள்ளே இருப்பது வேறு சரக்கு, அது வேண்டாம். வெட்டுவதற்கு முன் அதன் குமிழைக் கொதிநீரில் வைத்து முள் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒரு மீட்டரின் குமிழை இன்னொன்றின் உடம்பில் ஒட்டினால் எப்படிச் சரியாகக் காட்டும் என்ற சந்தேகம் நியாயமானதே. திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும் இடத்தில் அழுத்தத்தை நிர்ணயிப்பது சூடு மட்டும்தான். ஈத்தர் எவ்வளவு, குழாய் எத்தனை அடி என்பதெல்லாம் கணக்கில் வராது. குமிழுக்குள் கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தால் போதும். இந்த ஒட்டுவேலை முழுவதும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

அந்தத் திரவத்தைக் காப்பாற்றத்தான் ஐஸ். ஈத்தர் 34.6 டிகிரியில் கொதித்துவிடும். சென்னைச் சித்திரை வெயிலில் குழாயை அப்படியே வெட்டினால் ஈத்தர் சீறிக்கொண்டு வெளியேறும். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு எடை போட்டுக் கலந்தால் மைனஸ் 20 டிகிரியை ஒட்டி வரும். குமிழைக் கீழாகவும் குழாயை மேலாகவும் வைத்து அரை மணி நேரம் புதைத்து வையுங்கள். அந்தக் குளிரில் உள் அழுத்தம் வெளிக்காற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெட்டினால் ஈத்தர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். குமிழுக்குள் போகும் காற்று மீட்டரைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்ட வைக்கும். ஆகவே இணைப்புக்கு எல்லாம் தயாரான பிறகே வெட்டுங்கள், வெட்டிய முனையைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் தேடாதீர்கள்.

கட்டிங் பிளேயரை எடுக்கவே கூடாது. அது துவாரத்தை நசுக்கி அடைத்துவிடும். முக்கோண அரத்தால் சுற்றிலும் கீறி, அசைத்து ஒடியுங்கள். பழைய மீட்டர் பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் குழாய் விட்டு இணைப்பது வசதி. இரண்டு முனைகளும் முட்டி நிற்கும்படி, குழாய் சரியாக நுழையும் அளவில் 25 மில்லிமீட்டர் நீளப் பித்தளைக் குழாய்த் துண்டைப் போர்த்துங்கள். செம்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் பிடிக்க உதவும் ரோசின் பிளக்ஸை முனையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளித் தடவுங்கள். முனை வரை தடவினால் உருகிய ஈயம் அதைப் பின்தொடர்ந்து துவாரத்துக்குள் ஓடிவிடும். ஒட்டு பார்க்க அழகாக இருக்கும், முள் நகராது. இந்த வேலையில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான்.

ஈயத்தைப் பற்றவைக்க 60 வாட் அயர்ன் போதும். கேஸ் டார்ச் கூடவே கூடாது. ஈயம் உருகும் சூட்டுக்கும் குறைந்த சூட்டிலேயே, நெருப்பு இல்லாமலே, ஈத்தர் ஆவி தானாகப் பற்றிக்கொள்ளும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தொலைவில் இருக்கும் சுடரைக்கூடத் தேடிப் போகும். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீச, ஐஸ் வாளி இணைப்பிலிருந்து குழாயின் முழு நீளத்துக்குத் தள்ளி இருக்கும்படி வேலை செய்யுங்கள். ஈயம் இறுகி ஆறும் வரை குமிழ் ஐஸிலேயே இருக்கட்டும்.

பிறகு சோதனை. பாத்திரத்தில் தண்ணீர், கூடவே நம்பகமான தெர்மாமீட்டர். 60, 80, 90, 100 என்று ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், கொதிப்பதை 100 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வித்தியாசம் இருந்தால், வண்டி ஓடும் 80-90 டிகிரிக்குப் பொருந்தும்படி முள்ளைக் கழற்றி மாற்றிப் பொருத்துங்கள். குளிர்ந்த பக்கம் கொஞ்சம் பிசகினால் யாருக்கும் நஷ்டமில்லை. மீட்டரைத் திறந்திருக்கும்போது முகப்பை எந்தத் திரவத்தாலும் துடைக்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும்.

திரும்பப் பொருத்தும்போது ஒட்டு காருக்குள் இருக்கட்டும், எஞ்சின் பக்கம் வேண்டாம். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. அதனால் இரண்டுக்கும் நடுவே குழாயை ஐந்து சென்டிமீட்டர் வட்டத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி விடுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். புதுக் குமிழின் நட் ஹெட்டுக்குப் பொருந்தாவிட்டால் அதற்கேற்ற அடாப்டர் தேவைப்படும். ஆயில் பிரஷர் பக்க இணைப்பில் ஒரு தோல் வாஷர் உண்டு. பழையதைப் போடாமல், புதியதை எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் கால் மேல் சூடான ஆயில் சொட்டும்.

எஞ்சினை ஓடவிட்டு முள்ளைக் கவனியுங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் (அந்தச் சூட்டில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) உள்ள வண்டியில் முள் சீராக ஏறி, 82-ஐ ஒட்டித் தயங்கி, மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும்போது கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.